“உள்ளே ஆளே இல்லையே!”: ஆர்வம் சார்ந்த புதிய சமூக ஆப்பில் முதல் பயனர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தும் முறை

மாடித்தோட்டம், பறவை பார்ப்பது, பழைய நாணயம், நெடுந்தூர சைக்கிள் என்று ஆர்வத்தை வைத்து ஆட்களைச் சேர்க்கும் சமூக ஆப் ஒன்றைத் திறந்ததும் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ஒரே குறைதான்: “உள்ளே ஆளே இல்லை.” ஆயிரம் பேர் பதிவு செய்திருந்தாலும் இந்தப் பேச்சு வரும். பயனர் உங்கள் மொத்தக் கணக்கைப் பார்ப்பதில்லை, தான் நுழைந்த அறையை, அதாவது அந்த ஓர் ஆர்வத்துக்கான குழுவைத்தான் பார்க்கிறார். நாணய அறையில் மூன்று பேர் இருந்தால், தோட்ட அறையில் எண்ணூறு பேர் இருப்பது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது.

அதனால் கருத்து கேட்பது, எண்ணிப் பார்ப்பது, திருத்துவது எல்லாமே அறை வாரியாக நடக்க வேண்டும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நன்றாக ஓடும் அறையும் சாகிற அறையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். கீழே உள்ள முறை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

திறக்கும் முன்: எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள்

இணையக் குழுக்களில் 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது பதில் சொல்வார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். இது துல்லியமான விதி அல்ல, கைக்கணக்கு. ஆனாலும் திட்டம் போட இது போதும். 300 பேரை 30 ஆர்வங்களில் தூவினால் அறைக்கு 10 பேர். மொத்தத்தில் தொடர்ந்து எழுதுபவர் 3 பேர்தான் என்றால், 27 அறைகள் வெறிச்சோடிக் கிடக்கும். அதே 300 பேரை 3 அறைகளில் வைத்தால் ஒவ்வொன்றிலும் எழுத ஒருவரும், பதில் சொல்ல 9 பேரும் இருப்பார்கள். அப்போதும் கூட்டம் மெலிவுதான், ஆனால் உயிர் இருக்கும்.

ஆகவே இரண்டு அல்லது மூன்று அறைகளோடு தொடங்குங்கள். அறைக்கு 40 பேர் போதும். அந்த நாற்பதில் எட்டுப் பேராவது ஏற்கெனவே எங்காவது எழுதிக்கொண்டிருப்பவர்களாக இருக்க வேண்டும். இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தோட்ட வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது “மிளகாய் இலை ஏன் சுருளுது?” என்று கேட்டால், தன் செடியைப் படம் எடுத்துப் போட்டுப் பதில் சொல்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர்தான் வேண்டும். ஒரு வாரம் குரூப்பைக் கவனித்தாலே பத்துப் பேரை அடையாளம் காணலாம். குரூப் அட்மினிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி அழையுங்கள். மொத்தமாக லிங்க் அனுப்பினால் வருகிறவர்கள் அன்று மாலையே போய்விடுவார்கள்.

உடன் வேலை செய்யும் மென்பொருள் நண்பர்களை வைத்து அறையை நிரப்பாதீர்கள். பட்டனின் நிறம், அனிமேஷன் வேகம் பற்றி அவர்கள் நிறையச் சொல்வார்கள். நாணயத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துக் காட்ட வழி இல்லை என்பதை நாணயம் சேர்ப்பவர்தான் சொல்வார். 2010 மார்ச்சில் சிறு கூட்டத்தோடு தொடங்கிய, பிடித்த படங்களைச் சேர்த்து வைக்கும் பின்டரெஸ்ட் இதற்கு நல்ல சான்று. அதன் முதல் பயனர்களில் பலர் நிறுவனர் பென் சில்பர்மன் வளர்ந்த அயோவா மாநிலத்துக்காரர்கள். வீட்டு அலங்காரம், கைவேலை, சமையல் என்று ஆர்வமுள்ளவர்கள் அவர்கள், தொழில்நுட்ப வட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். முதல் 5,000 பயனர்களுக்கு சில்பர்மன் தானே கடிதம் எழுதினார், தன் போன் நம்பரையும் கொடுத்தார். வளர்ச்சி மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் வந்தவர்கள் தங்கினார்கள்.

அறையைத் திறக்கும் முன்பே உள்ளே 25 முதல் 30 பதிவுகள் இருக்கட்டும். 2005இல் ரெடிட்டைத் தொடங்கியவர்கள் பல போலிக் கணக்குகளை உருவாக்கித் தாங்களே பதிவு போட்டு நிரப்பினார்கள். செய்தி லிங்க் பகிரும் இடத்தில் அது எடுபட்டது. ஆர்வக்குழுவில் எடுபடாது. வேம்பு எண்ணெயை எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்று தெரியாதவர் எழுதியதை, தெரிந்தவர் முதல் வரியிலேயே பிடித்துவிடுவார். முன்பு சொன்ன எட்டுப் பேரையும் ஒரு வாரம் முன்னதாக உள்ளே விட்டு, ஆளுக்கு நான்கு பதிவு கேட்டு வாங்குங்கள். ரெடிட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: அது ஒரே முகப்புப் பக்கத்தோடு தொடங்கியது, பயனர்கள் தாங்களே தனி அறைகள் அமைக்கும் வசதி 2008இல்தான் வந்தது. முதலில் கூட்டம் சேரட்டும், பிறகு பிரியுங்கள்.

ஸ்டோர் விதிகளையும் இப்போதே கணக்கில் எடுங்கள். 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் வெளியிடும் முன் 12 டெஸ்டர்கள் (சோதித்துப் பார்ப்பவர்கள்) தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும். இடையில் ஒருவர் விலகினால் கணக்கு உடையும், ஆகவே 18 பேரைச் சேர்த்து வையுங்கள். வெளியிடும் முன் ஆப்பைச் சோதிக்க ஆப்பிள் தரும் டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளி டெஸ்டர்கள் 10,000 பேர் வரை அனுமதி உண்டு, ஆனால் ஒவ்வொரு பில்டும் (ஏற்றிய ஆப் பதிப்பும்) 90 நாளில் காலாவதியாகும். ஆப் திடீரென்று திறக்காமல் போனால் “மூடிட்டாங்க போல” என்றுதான் பயனர் நினைப்பார். 75ஆம் நாளே புது பில்டை ஏற்றிவிடுங்கள்.

கருத்து வந்து சேரும் வழி

மூன்று வழி போதும். ஒன்று, ஒவ்வொரு திரையிலும் “குறை சொல்ல” என்ற பட்டன். அழுத்தினால் ஆப் பதிப்பு, போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்தத் திரை என்பது தானாகச் சேர வேண்டும். என்னென்ன சேர்கிறது என்பதைப் பயனருக்கும் காட்டிவிடுங்கள். இரண்டு, ஒரு வாட்ஸ்அப் நம்பர். குரூப் வேண்டாம். குரூப்பில் ஒருவர் சத்தமாகச் சொன்ன குறைக்கு நாலு பேர் “ஆமாம் ஆமாம்” போடுவார்கள், அது ஐந்து பேரின் குறையா ஒருவரின் குறையா என்று பிரிக்க முடியாது. மூன்று, போன் அழைப்பு.

வருவதை எல்லாம் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுங்கள். தேதி, அறை, சேர்ந்து எத்தனையாவது நாள், போன் மாடல், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், ஸ்க்ரீன்ஷாட், நாம் கண்ட காரணம், பதில் சொன்ன தேதி. “அவர் சொன்ன சொற்கள் அப்படியே” என்ற கட்டம் மிக முக்கியம். அதைச் சுருக்கி “நோட்டிஃபிகேஷன் பிரச்சினை” என்று எழுதிவிட்டால் அங்கேயே தடம் அழிந்துவிடும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். “போஸ்ட் போட்டேன், ஒண்ணும் வரலை” என்று ஒருவர் எழுதுகிறார். இதற்கு நான்கு பொருள் இருக்கலாம்: பதிவே ஏறவில்லை, ஏறியது ஆனால் அவருடைய ஃபீடில் (பதிவுகள் வரிசையாக வரும் திரையில்) அவருக்கே தெரியவில்லை, பதில் வந்தது ஆனால் நோட்டிஃபிகேஷன் போகவில்லை, எல்லாம் சரி ஆனால் யாருமே பதில் சொல்லவில்லை. இதே வரிசையில் சோதியுங்கள். சர்வர் லாக்கில் பதிவு இருக்கிறதா? இருந்தால், அவர் கணக்கின் ஃபீடில் அது எத்தனையாவது இடத்தில் நிற்கிறது? சில ஃபீட் கணக்கீடுகள் சொந்தப் பதிவை விலக்கிவிடும். போட்டவர் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, பதிவு ஏறவில்லை என்று முடிவு செய்து அதையே மறுபடி போடுவார். ஒரே படம் இரண்டு முறை வந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். போட்ட அடுத்த நொடி, அந்தப் பதிவை ஃபீடின் தலைப்பில் அவருக்கு மட்டுமாவது காட்டுங்கள்.

பதில் வந்தும் தெரியவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக இன்ஸ்டால் செய்த ஆப் கேட்டு வாங்கினால்தான் நோட்டிஃபிகேஷன் அனுப்ப முடியும். பயனர் இரண்டு முறை மறுத்தால் அந்தக் கேள்வி மறுபடி தோன்றவே தோன்றாது, செட்டிங்ஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். ஆப்பைத் திறந்ததும் கேட்டால் பலர் யோசிக்காமல் மறுப்பார்கள். முதல் பதிவைப் போட்டு முடித்ததும் “யாராவது பதில் சொன்னால் தெரிவிக்கலாமா?” என்று கேளுங்கள். அப்போது அவருக்கே அது தேவை. இதைத் தாண்டியும் வராவிட்டால், சில போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடுவது காரணமாக இருக்கலாம். போன் மாடல் கட்டம் இதற்குத்தான்.

நான்காவது, யாருமே பதில் சொல்லாதது, நிரலில் சரிசெய்யக்கூடியதே அல்ல. அறையில் ஆளை உட்கார வைக்க வேண்டும். முதல் பதிவு போட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள், விஷயம் தெரிந்த ஒரு மனிதரின் பதில் போய்ச் சேர வேண்டும். “அருமை” என்பது பதில் ஆகாது. “தொட்டி எத்தனை இன்ச்? வெயில் எந்தப் பக்கம்?” என்பதுதான் பதில்.

எப்போது, என்ன கேட்பது

முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள். முதல் நாளில் ஒரே கேள்வி: என்ன தேடி வந்தீர்கள்? மூன்றாம் நாள்: அது கிடைத்ததா? ஏழாம் நாள் அறைக்கு ஐந்து பேரைப் போனில் பிடியுங்கள், ஆளுக்கு 15 நிமிடம். அந்த ஐந்தில் இரண்டு பேர் திரும்ப வராதவர்களாக இருக்கட்டும். தங்கியவர்களிடம் மட்டும் கேட்டால் ஏன் தங்கினார்கள் என்று தெரியும், ஏன் போகிறார்கள் என்று தெரியாது.

“பிடிச்சிருக்கா?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவார்கள். “நல்லா இருக்குங்க, டைம்தான் கிடைக்கலை” என்று வந்தால் அவர் போய்விட்டார் என்று பொருள், அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியா எப்பங்க திறந்தீங்க? திறந்ததும் முதல்ல என்ன தெரிஞ்சது? அதுக்கப்புறம் எங்க தொட்டீங்க?” முடிந்தால் ஸ்க்ரீன் ஷேர் போடச் சொல்லி, அவர் தேடுவதை வாய் திறக்காமல் பாருங்கள். “மேலே வலது பக்கம் பாருங்க சார்” என்று உதவ நாக்கு துடிக்கும். உதவினால் அந்த அழைப்பு வீண்.

இருபத்தொன்றாம் நாள், புது நிறுவனங்களின் வளர்ச்சிக்கு ஆலோசனை சொல்லும் ஷான் எல்லிஸ் பரவலாக்கிய கேள்வியைக் கேளுங்கள்: “நாளை முதல் இந்த ஆப் இல்லை என்றால் எப்படி இருக்கும்?” மிகவும் ஏமாற்றம், கொஞ்சம் ஏமாற்றம், ஒன்றுமில்லை. 40 சதவீதத்துக்கு மேல் முதல் பதிலைச் சொன்னால் ஆப் வேர் பிடித்துவிட்டது என்பது அவர் வைத்த அளவுகோல். கடந்த இரண்டு வாரத்தில் இரண்டு முறையாவது பயன்படுத்தியவர்களிடம் மட்டும் கேளுங்கள். இங்கேயும் அறை வாரியாகப் பிரியுங்கள். தோட்ட அறையில் 50 சதவீதமும் நாணய அறையில் 10 சதவீதமும் வந்தால் சராசரி 30 என்று எழுதி மனம் தளர்ந்துபோவீர்கள். உண்மையில் ஒரு அறை ஜெயித்திருக்கிறது, ஒன்று தோற்றிருக்கிறது.

சொல்லும் குறைக்குப் பின்னால் இருப்பது

“எனக்குச் சம்பந்தமில்லாததெல்லாம் வருது.” இது பெரும்பாலும் கணக்குத் தொடங்கும்போதே நேர்ந்த தவறு. ஆர்வத் தேர்வுத் திரையில் “சமையல்”, “இசை”, “விளையாட்டு” என்று அகலமாக வைத்திருப்பீர்கள். சிறுதானியச் சமையலுக்கு வந்தவர் கேக் படங்களைப் பார்த்துவிட்டுப் போவார். தேர்வுகளை ஒரு படி கீழே இறக்குங்கள், அல்லது “எதைப் பற்றிப் பேச வந்தீர்கள்?” என்று ஒரு வரி எழுத விடுங்கள். அந்த வரிகளே அடுத்த அறை எது என்று சொல்லிக் கொடுக்கும். இன்ஸ்டாகிராம் கணக்கோடு இணைந்து 2023 ஜூலை 5இல் வந்த த்ரெட்ஸ் ஐந்தே நாளில் 10 கோடிப் பயனர்களைத் தொட்டது. ஆனால் தாங்கள் பின்தொடர்பவர்களை மட்டும் பார்க்கும் ஃபீட் முதலில் இல்லை. அந்தக் குறை உடனே எழுந்தது, அதே மாதம் 25ஆம் தேதி அந்த ஃபீட் வந்தது. ப்ளூஸ்கை என்ற சமூகத் தளம் வேறு வழி எடுத்தது: 2023 மே மாதம் முதல் யார் வேண்டுமானாலும் ஒரு தலைப்புக்கான ஃபீடை அமைத்து மற்றவர்களுக்கும் தர முடிந்தது. புதிதாக வருபவர் யாரைப் பின்தொடர்வது என்று திணறாமல் இருக்க, 2024 ஜூனில் ஸ்டார்ட்டர் பேக் வந்தது. துறை தெரிந்த ஒரு பயனர் தொகுத்துத் தரும் ஆட்கள் பட்டியல் அது. சிறு ஆப்புக்கும் இது எளிதில் செய்யக்கூடியது, முதல் நாள் வெறுமையை இதைப்போலக் குறைப்பது வேறு இல்லை.

“இதை வாட்ஸ்அப் குரூப்லயே செய்யலாமே?” இதைக் கேட்பவரிடம் வாதாடாதீர்கள், அவர் உங்களுக்குத் திசை காட்டுகிறார். வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி மாதா மாதம் திரும்ப வரும், பழைய பதில் மேலே எங்கோ புதைந்திருக்கும். உங்கள் ஆப்பில் ஒருவர் “மாவுப்பூச்சி” என்று தட்டத் தொடங்கியதும் முந்தைய பதில்கள் எழுந்து வந்தால், அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்க மாட்டார்.

அந்தத் தேடல் தமிழில் சரியாக வேலை செய்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். “தேடினா வரலை” என்ற குறையைப் பல குழுக்கள் “பதிவு இல்லை” என்று தவறாகப் படித்துவிடுகின்றன. ‘கொ’ என்ற எழுத்தை ஒகரக் குறியை ஒரே குறியாகப் போட்டும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகப் போட்டும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றினால் இது தீரும். ஆனால் ‘கௌரி’யை ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டுத் தட்டுபவர்கள் உண்டு, அதை என்எஃப்சி சரிசெய்யாது. தேடலில் தனி விதி எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களுக்கும் வழி வையுங்கள். எழுத்து வரம்பு வைத்திருந்தால், ‘கு’ ஓர் எழுத்தாக எண்ணப்படுகிறதா இரண்டாகவா என்று பாருங்கள். குறிகளை எண்ணினால் தமிழில் எழுதுபவருக்குப் பாதி வழியிலேயே இடம் தீர்ந்துவிடும். அவர் அதை “பெருசா எழுத விடமாட்டேங்குது” என்றுதான் சொல்வார்.

“சொந்தப் பேர் போடணுமா?” 2011 ஜூனில் வந்த கூகுளின் சமூகத் தளமான கூகுள் ப்ளஸ், உண்மைப் பெயர் கட்டாயம் என்றது. பயனர்கள் கடுமையாக எதிர்த்தும், அந்த விதியை முழுதாகக் கைவிட 2014 ஜூலை வரை எடுத்துக்கொண்டது. ஆர்வக்குழுவில் புனைபெயர் இயல்பு. அலுவலகத்தில் தெரியாமல் கவிதை எழுதுபவர் எத்தனையோ பேர். போன் நம்பரைச் சரிபாருங்கள், வெளியே காட்டாதீர்கள்.

“இந்த ஆளை எப்படித் தடுக்கிறது?”, “கணக்கை எப்படி அழிக்கிறது?” இந்த இரண்டும் வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது. முக்கியமாக, தொந்தரவு பற்றி ஒரு பெண் எழுதினால் அன்றே பதில் சொல்லுங்கள், அன்றே நடவடிக்கை எடுங்கள். ஒருவர்தானே சொன்னார் என்று தள்ளி வைத்தால், சொல்லாமலே போனவர்களை நீங்கள் அறியவே மாட்டீர்கள். பயனர் எழுதும் ஆப் எதற்கும் வடிகட்டும் வசதி, புகார் பட்டன், தடுக்கும் பட்டன், தொடர்பு முகவரி நான்கும் வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. இந்தியாவில் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கணக்கை அழிப்பதும் எளிதாக இருக்கட்டும். த்ரெட்ஸை மட்டும் அழிக்க முடியாமல், இன்ஸ்டாகிராமையும் சேர்த்தே அழிக்க வேண்டியிருந்தது முதல் வாரங்களில் பெரிய மனக்குறையானது. அது 2023 நவம்பரில்தான் மாறியது.

“டார்க் மோட் வேணும்”, “ஸ்டிக்கர் வேணும்”: எழுதி வையுங்கள், இப்போது செய்ய வேண்டாம். அதற்காக யாரும் வரவுமில்லை, போகவுமில்லை.

எண்களில் எதைப் பார்ப்பது

டவுன்லோட் எண்ணிக்கையைப் பார்த்து மகிழாதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் மூன்று எண் போதும்: சேர்ந்தவர்களில் ஏழாம் நாள் திரும்பி வந்தவர் எத்தனை பேர், முதல் பதிவுக்குப் பதில் வர எத்தனை மணி நேரம், அந்த வாரம் எழுதியவர்கள் எத்தனை தனி ஆட்கள். மூன்றாவது எண் ஒன்றோ இரண்டோ என்றால் அறை ஒருவரின் மேடையாகிவிட்டது. நாளுக்குப் பத்துப் பதிவு போடும் அந்த ஒருவர் எவ்வளவு நல்லவரானாலும், மற்றவர்கள் எழுதக் கூச்சப்படுவார்கள். அவரிடம் பேசி, புதியவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கொடுங்கள். அதே ஆற்றல் பதிலாக மாறினால் அறை பிழைக்கும்.

திறந்திருந்த நேரத்தையும் ஒரு கண் பாருங்கள். கூகுள் ப்ளஸ்ஸின் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து நொடிக்குள் முடிந்துவிடுகிறது என்று 2018 அக்டோபரில் கூகுளே சொன்னது. 2015இல் அதை ஆர்வக் குழுக்களை மையமாக வைத்து மாற்றி அமைத்தும் பயனில்லை, 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கான சேவை மூடப்பட்டது. பதிவு செய்த கணக்குகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

வாரம் ஒரு முறை

திங்கட்கிழமை ஸ்ப்ரெட்ஷீட்டை அறை வாரியாகப் பிரித்து உட்காருங்கள். ஒரே அறையில் மூன்று பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அந்த வாரமே எடுங்கள். இரண்டு அறைகளில் ஒரே குறை வந்தால் அது அறையின் குறை அல்ல, ஆப்பின் அமைப்பில் உள்ளது. ஒரு வாரத்தில் ஃபீடில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எண் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. பொங்கல், தீபாவளி வாரத்து எண்களை மற்ற வாரங்களோடு ஒப்பிடாதீர்கள்.

சரிசெய்ததும் குறை சொன்னவருக்குத் தனியாக எழுதுங்கள்: “நீங்க 12ஆம் தேதி சொன்னீங்களே, பதில் வந்தது தெரியலைன்னு, அது சரியாயிடுச்சுங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க.” செய்ய முடியாததற்கும் எழுதுங்கள், காரணத்தோடு. ஸ்டார் ரேட்டிங் கேட்பது இதற்குப் பிறகுதான். ஆப்பிளில் ரேட்டிங் கேட்கும் பெட்டி ஒரு பயனருக்கு 365 நாளில் மூன்று முறைக்கு மேல் தோன்றாது. அதில் ஒன்றை முதல் நாளே செலவழித்தால், இன்னும் ஒரு பதிலும் பெறாதவரிடம் மார்க் கேட்டதாகிவிடும். பரிசு கொடுத்து ஆள் சேர்ப்பதும் வேண்டாம், பரிசுக்கு வந்தவர்களின் கருத்து பரிசைப் பற்றியே இருக்கும்.

ஒரு அறையில் நான்கு வாரம் தொடர்ந்து எட்டுப் பேராவது எழுதி, நீங்கள் தலையிடாமலே புதியவரின் முதல் பதிவுக்கு ஒரு நாளுக்குள் பதில் வருகிறது என்றால், அடுத்த அறையைத் திறக்கலாம். ஆர்வத் தேர்வுத் திரையில் வந்த ஒற்றை வரிகளை எடுத்து, எது அதிகம் வந்திருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய அறையில் அந்த ஆர்வமும் உள்ள இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு புது அறையில் உட்கார வையுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் புது அறைக்குத் தனித் தாள் போட்டு, நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.